எஸ்டீமுக்கு எந்த வைட்பேண்ட் சென்சார் வாங்கலாம்? (ஸ்பீடுயினோ, 1.3 என்ஜின்)

எஸ்டீம்கோவை

வணக்கம். 2003 எஸ்டீம், 16 வால்வு, 1298 சிசி. பழைய இசியுவை (என்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) கழற்றிவிட்டு, மேப்பை நாமே எழுதிக்கொள்ளும் ஸ்பீடுயினோ இசியு போட்டிருக்கிறேன். ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் நிற்கிறது, செட்டிபாளையம் வரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பியும் வந்தாயிற்று. இனி ஒழுங்காக ஃபியூயல் மேப் (எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு த்ராட்டிலில் எவ்வளவு பெட்ரோல் என்கிற அட்டவணை) போட வேண்டும், அதற்குத்தான் எக்ஸாஸ்டில் மாட்டிக் கலவையை அளக்கும் வைட்பேண்ட். ஒரு வாரமாக இதையே படித்து மண்டை காய்ந்துவிட்டது. ஏஇஎம் எக்ஸ்-சீரிஸ், இன்னோவேட் எல்சி-2, ஸ்பார்ட்டன் 3, இந்த மூன்றில் எந்த சென்சார் துல்லியம்? அப்புறம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஏற்கெனவே கம்பெனி போட்ட ஆக்சிஜன் சென்சார் ஒன்று சும்மா இருக்கிறது. அதை வைத்தே சமாளிக்க முடியாதா? அடுத்த மாதம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டும் ஆசை, கையிருப்பு குறைவு.

சாலிடர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. கம்பெனி சென்சார் நேரோபேண்ட். 0.1 முதல் 0.9 வோல்ட் வரைதான் அதன் ஆட்டம், லாம்டா 1 (காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் கலவை) வரும் இடத்தில் 0.45-ஐத் தாண்டிச் சட்டென்று குதிக்கும். ரிச்சா (பெட்ரோல் அதிகமா) லீனா (காற்று அதிகமா) என்று சொல்லும், எவ்வளவு ரிச் என்று சொல்லாது. காற்று-எரிபொருள் விகிதம் 13.2 என்றாலும் 11.5 என்றாலும் 0.8-க்கு மேல் ஏதோ ஒன்றைக் காட்டும், அதுவும் சென்சாரின் சூட்டைப் பொறுத்து மாறும். 1976-இல் வோல்வோ இதைக் கலிஃபோர்னியா வண்டிகளில் முதன்முதலாகக் கொண்டுவந்ததே, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்வதற்காகக் கலவையை 14.7-ஐ ஒட்டியே வைத்திருக்கத்தான். ஃபுல் த்ராட்டில் டியூனிங் அதன் வேலையே இல்லை.

வைட்பேண்ட் வேறு சாதி. உள்ளே பொடியாக ஒரு அறை, அந்த அறைக்குள் ஆக்சிஜனை இறைக்க ஒரு பம்ப் செல். அறையில் எப்போதும் லாம்டா 1 நிற்கும்படி கன்ட்ரோலர் ஆக்சிஜனை உள்ளே தள்ளும், அல்லது வெளியே இழுக்கும். அதற்கு எவ்வளவு கரண்ட் பிடித்தது என்பதுதான் அளவு. கிணற்றில் மட்டம் ஏறாமல் இறங்காமல் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தால், மோட்டார் எவ்வளவு இறைத்தது என்பதை வைத்தே ஊற்று எவ்வளவு என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதே கணக்கு.

இப்போது முதல் கேள்வி. "எந்த சென்சார்" என்பது பாதிக் கேள்விதான். நீங்கள் சொன்ன மூன்றிலும் இன்று பெட்டிக்குள் வருவது ஒரே போஷ் எல்எஸ்யூ 4.9. சென்சாரில் வித்தியாசம் இல்லை. அதை இயக்கும் கன்ட்ரோலரிலும் அது இசியுவுக்கு அளவை அனுப்பும் விதத்திலும்தான் இருக்கிறது.

மைலேஜ்மாமா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஸ்டாக் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன், இதைப் போட்டால் மைலேஜ் கூடுமா?

சாலிடர்

கூடாது. கலவை எப்படி என்று கேஜில் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு டயர் காற்றும் ஏர் ஃபில்டரும் பல வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

லேத்துப்பட்டறை

சாலிடர் சொன்னதோடு ஒன்று. பழைய கிட் ஏதாவது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் உள்ளே பழைய மாடலான எல்எஸ்யூ 4.2-ஆ, 4.9-ஆ என்று பாருங்கள். 4.2 ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வெளிக்காற்றை வாங்கிக்கொள்கிற டைப். கனெக்டர் பக்கம் எண்ணெய்ப் புகையோ கரியோ போனால் அந்த ஒப்பீடே கெட்டு, அளவு மெல்ல விலகும். 4.9 ஒரு நுணுக்கமான கரண்டை வைத்துத் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே சேர்த்துக்கொள்கிறது, வெளிக்காற்று தேவையில்லை. தூசியும் எண்ணெயும் நிறைந்த நம் வண்டிகளுக்கு 4.9 போதும், 4.2 பக்கம் போகவே வேண்டாம்.

இரண்டுமே 5 வயர், ஆனால் கனெக்டரில் 6 பின். அதிகப்படியாக இருக்கும் இடத்தில் கம்பெனி ஒவ்வொரு சென்சாரையும் அளந்து வைத்த ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. வயர் நீளம் போதவில்லை என்று கனெக்டரை வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டு நேராக முறுக்கிச் சேர்த்த ஆட்களை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். ரெசிஸ்டர் குப்பையில், அளவு அதோடு.

சோழவரம்

தம்பிகளா, சோழவரம் ரன்வேயில் ரேஸ் நடந்த நாளிலிருந்து என்ஜின் டியூன் செய்கிறேன். கேஜும் கிடையாது, லாப்டாப்பும் கிடையாது. டாப் கியரில் முழு முடுக்கில் இழுத்துவிட்டு, கிளட்சை மிதித்து இக்னிஷனை அணைத்து, ஓரம் கட்டி பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பால் போட்ட காபி நிறம் என்றால் சரி, வெள்ளை என்றால் பிஸ்டன் போய்விடும், கரி என்றால் ஜெட் பெரிசு. இதற்கு இத்தனை செலவா?

சாலிடர்

ஐயா, வணக்கம். உங்கள் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, பிளக்கில் நிறம் பளிச்சென்று ஏறியது. 2000-இல் ஈயம் மொத்தமாகப் போனது. இப்போது எத்தனாலும் சேர்ந்த பிறகு நல்ல என்ஜினில்கூட பிளக் பல நேரம் வெளுத்தேதான் கிடக்கிறது. அதோடு இசியு மேப்பில் நூற்றுக்கணக்கான கட்டங்கள், 3000 ஆர்பிஎம்மில் பாதி த்ராட்டிலுக்கு ஒரு பிளக், 4500-க்கு இன்னொரு பிளக் என்று கழற்ற முடியுமா?

சோழவரம்

கழற்ற முடியாதுதான். ஆனால் தம்பி, உன் கேஜ் பொய் சொன்னால் யாரிடம் கேட்பாய்?

ஜொகூர்வீரா

ஐயா கேட்டதற்கு என் கதையே பதில். நான் மலேசியாவில் ஜொகூரில் இருக்கிறேன், காடி (கார்) புரோட்டான் வீரா, 4ஜி93 டர்போ என்ஜின் மாற்றியது. இரண்டு வருடத்தில் மூன்று சென்சார் போனது.

முதலாவதை டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் வைத்தேன், இடம் கிடைத்தது என்பதற்காக. அங்கே சூடும் அதிகம், பின்னழுத்தமும் அதிகம். வைட்பேண்ட் அழுத்தத்துக்கு ஏற்ப அளவை மாற்றிக் காட்டும், ரிச்சை இன்னும் ரிச்சாகவும் லீனை இன்னும் லீனாகவும். எல்எஸ்யூ 4.9 தாங்குகிற எக்ஸாஸ்ட் சூடு 930 டிகிரி, டர்போ முன்னால் அதைத் தொடுவது பெரிய விஷயமில்லை. இரண்டாவது, வைட்பேண்டுக்கு கரண்ட் கொடுக்காமல் ஒரு மாதம் ஓட்டினேன், கேஜ் வேறு டாஷ்போர்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஹீட்டர் ஓடாத சென்சார் புகையில் கிடந்து கரி படிந்து செத்தது. கழற்றிவிட்டு அடைப்பான் போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். ஆன்லைனில் பாதி விலைக்கு "ஒரிஜினல்" என்று வாங்கியது. பெயர் சொல்ல விரும்பவில்லை. பெட்டி, லேபிள், 17025 என்ற போஷ் பார்ட் எண் எல்லாம் அச்சு அசல். இரண்டு வாரம் ஒழுங்காகக் காட்டியது. பிறகு தினம் கொஞ்சம் லீன், கொஞ்சம் லீன். நான் நம்பி எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போனேன். பூஸ்டில் 11.5 காட்டுகிறது, பின்னால் வருகிறவன் கண்ணைக் கசக்குகிறான், பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. அன்றைக்குப் பிளக்தான் உண்மையைச் சொன்னது ஐயா.

இப்போதும் மாதத்தில் ஒருநாள் சென்சாரைக் கழற்றி வெளிக்காற்றில் பிடித்துப் பார்ப்பேன். அங்கே லீன் பக்கக் கடைசி எண்ணில் ஆடாமல் நிற்க வேண்டும். தேறினால் மட்டும் நல்ல சென்சார் என்று அர்த்தமில்லை, ஆனால் தேறாவிட்டால் நிச்சயம் குப்பை.

எஸ்டீம்கோவை

சரி, அப்படியென்றால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குகிறேன். கன்ட்ரோலர் எது? கம்பெனி சென்சார் இருந்த அதே ஓட்டையில் மாட்டலாமா? மரை ஒன்றுதான் என்கிறார்கள்.

லேத்துப்பட்டறை

மரை ஒன்றுதான், 18-க்கு 1.5. ஆனால் அங்கே மாட்டாதீர்கள், ஹெட்டுக்கு மிகப் பக்கம். நான்கு குழாயும் ஒன்றான பிறகு, ஹெட்டிலிருந்து குறைந்தது இரண்டு அடி தள்ளி, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். சைலன்சர் கடைக்குப் போய் 18 மரை நட் ஒன்றை வெல்டு செய்யச் சொல்லுங்கள், ஓட்டை போட்டுவிட்டு உள்பக்கப் பிசிறை அரம் போட்டு எடுத்துவிடச் சொல்லுங்கள். குழாயைக் கடிகாரம் போல நினைத்துக்கொண்டால் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே சென்சார் நிற்க வேண்டும். அடியில் வைத்தால் காலையில் குழாயில் தேங்கும் தண்ணீர் நேரே அதன் மேல்தான். சென்சார் உள்ளே 780 டிகிரியில் ஒரு செராமிக் தகடு, சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சுட்ட கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் ஊற்றிய மாதிரிதான்.

அதனால் சாவி போட்டதும் ஹீட்டரை ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஸ்பீடுயினோவின் ஃபியூயல் பம்ப் சிக்னலை வைத்து ஒரு தனி ரிலே போட்டால், என்ஜின் ஓடினால்தான் ஹீட்டர் ஓடும். மேனிஃபோல்டு பக்கம் சாதாரண சிலிகான் பசை பூசாதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும்.

சாலிடர்

கன்ட்ரோலர் பற்றி. ஸ்பீடுயினோ ஓடுவது ஆர்டுயினோ மெகா போர்டில், அதில் கேன் பஸ் (அளவை டிஜிட்டலாக அனுப்பும் இணைப்பு) இல்லை, ஆகவே 0-5 வோல்ட் அனலாக் வயர்தான் வழி. ஏஇஎம் எக்ஸ்-சீரிஸில் 0.5 வோல்ட் என்றால் 8.5, 4.5 வோல்ட் என்றால் 18. வோல்ட்டை 2.375-ஆல் பெருக்கி 7.3125 கூட்டினால் எண் வரும். எல்சி-2-வில் 0 வோல்ட் 7.35, 5 வோல்ட் 22.39. அதில் வெளிக்காற்று கேலிபிரேஷன் நீங்களே செய்ய வேண்டும், ஏஇஎம்மில் தேவையில்லை. ஸ்பார்ட்டன் 3 சின்னப் பெட்டி, கேஜ் தனி, விலை குறைவு, கேன் இருப்பதால் பிறகு இசியு மாற்றினாலும் வீணாகாது. எனக்குக் கேட்டால் கேன் உள்ள இசியுவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேன் வயரில் போ என்பேன், ஏன் என்று அனலாக் போட்ட பிறகு உங்களுக்கே புரியும். கேஜ் கண்ணெதிரே வேண்டும் என்றால் ஏஇஎம். மூன்றில் எதுவானாலும் இந்த என்ஜினுக்குப் பழுதில்லை.

ஒரு முக்கியமான விஷயம், இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. இவை எதுவும் காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பதே இல்லை. லாம்டாவை மட்டும்தான் அளக்கின்றன, பிறகு 14.7-ஆல் பெருக்கித் திரையில் காட்டுகின்றன. அந்த 14.7 எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. நம் பெட்ரோல் பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். அதற்குச் சரியான விகிதம் சுமார் 13.5.

எஸ்டீம்கோவை

அப்படியானால் கேஜ் 12.5 காட்டினால் தப்பான எண்ணா? அதை 13.5 கணக்குக்கு மாற்றி எழுத வேண்டுமா?

சாலிடர்

மாற்றவே வேண்டாம், அங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். கேஜில் 12.5 என்றால் லாம்டா 0.85. இ20-இல் எடைக்கு எடை பார்த்தால் அது சுமார் 11.5. என்ஜினுக்கு வேண்டியது 0.85 என்கிற நிலைதான், அது எந்தப் பெட்ரோலிலும் அதே 0.85. ஆகவே கேஜை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள், லாப்டாப்பில் மேப் எழுதும் டியூனர்ஸ்டுடியோவிலும் லாம்டாவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் என்ஜினுக்குக் குரூஸில் (சீரான வேகத்தில் போகும்போது) 1.0 பக்கம், முழு த்ராட்டிலில் 0.86 முதல் 0.88. டர்போ ஆட்கள் 0.75-0.80.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலில் போட்ட பழைய மேப்பை அப்படியே இ20-இல் ஓட்டினால், அதே இஞ்செக்டர் நேரத்துக்கு 7 அல்லது 8 சதவீதம் லீன். குரூஸில் க்ளோஸ்டு லூப் (சென்சாரைப் பார்த்து இசியு தானே திருத்துவது) பிடித்துக்கொள்ளும். முழு த்ராட்டிலில் பெரும்பாலும் பிடிக்காது, அங்கேதான் பிஸ்டன் உருகும்.

ஜொகூர்வீரா

ஆமா, இங்கே எங்கள் பெட்ரோலில் எத்தனால் கிடையாது, அதனால் நான் 14.7 எண்ணிலேயே பேசிப் பழகிவிட்டேன். உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் லாக் ஃபைலைப் பார்த்து "இவ்வளவு ரிச்சாக ஓட்டுகிறாரே" என்று ஒருமுறை சிரித்தேன், பிறகு பார்த்தால் அவர் 14.7 ஸ்கேலையே இ20 கணக்குக்கு மாற்றி வைத்திருந்தார். லாம்டா என்றால் இந்தத் தலைவலி இல்லை.

ஆர்எக்ஸ்100பையன்

அண்ணா, இதை 2 ஸ்ட்ரோக்கில் போடலாமா?

லேத்துப்பட்டறை

போடலாம், எண்ணெய் சீக்கிரமே சென்சாரைத் தின்றுவிடும். எரியாத காற்றும் எக்ஸாஸ்டில் கலந்து போவதால் எண்ணும் லீனாகப் பொய் சொல்லும். உனக்கு சோழவரம் ஐயாவின் பிளக்தான்.

எஸ்டீம்கோவை (மூன்று வாரம் கழித்து)

ஏஇஎம் கேஜ் வந்தாயிற்று, சைலன்சர் கடையில் நட் வெல்டு செய்தாயிற்று. இரண்டு பிரச்சினை, ஒருவாரம் அலைந்தும் பிடிபடவில்லை.

ஒன்று: கேஜ் 12.8 காட்டும்போது லாப்டாப் 13.2 காட்டுகிறது (இன்னும் 14.7 ஸ்கேலில்தான் இருக்கிறேன், அடிக்காதீர்கள்). ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. இரண்டு: ஐடிலில் 16.8. அந்தக் கட்டத்தில் பத்து சதவீதம் எரிபொருளைக் கூட்டினேன், அப்போதும் லீன்தான். ஆனால் கராஜில் நின்றால் பெட்ரோல் வாடையில் கண் எரிகிறது. முழு த்ராட்டிலில் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

சாலிடர்

முதலாவது எர்த்து. 0.4-ஐ 2.375-ஆல் வகுத்தால் சுமார் 0.17 வோல்ட், அவ்வளவு தூக்கி நிற்கிறது உங்கள் கேஜின் எர்த்து. டாஷ்போர்டு போல்ட்டில் மாட்டினீர்களா? ஃபேன் ஓடினால் கூடுகிறது என்பதே சாட்சி. கேஜின் மெயின் எர்த்தை இசியு எர்த்து போகும் அதே என்ஜின் பிளாக் போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். அனலாக் மைனஸ் வயர் தனியாக இருக்கும், அதை இசியுவின் சென்சார் எர்த்தில் சேருங்கள். கேன் என்று நான் புலம்பியது இதற்குத்தான், அதில் எண்ணாகவே போகும், வோல்ட் வழியில் ஏறாது இறங்காது.

லேத்துப்பட்டறை

இரண்டாவது கேஸ்கெட். மேனிஃபோல்டுக்கும் டவுன்பைப்புக்கும் நடுவே, அல்லது உங்கள் புது வெல்டில், எங்கேயோ கசிவு. ஐடிலில் புகை விட்டு விட்டு வருவதால் இடையில் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும், சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது. முழு த்ராட்டிலில் அழுத்தம் வெளியே தள்ளுவதால் தெரியாது. மிஸ்ஃபயர் இருந்தாலும் எரியாத ஆக்சிஜன் வந்து இப்படித்தான் லீன் காட்டும், அதையும் பாருங்கள். சைலன்சர் வால்பக்கம் ப்ளோயர் வைத்து ஊதிவிட்டு, மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள்.

எஸ்டீம்கோவை

எர்த்து மாற்றியதும் இரண்டும் 12.8. சோப்பு நுரை டவுன்பைப் ஃபிளாஞ்சில் கொப்பளித்தது, கேஸ்கெட் ஒரு ஓரம் எரிந்து போயிருந்தது. புதிது போட்டதும் ஐடில் 13.1, நான் ஏற்றி வைத்த பத்து சதவீதம் அப்படியே தெரிந்தது. அதை எடுத்துவிட்டேன். லாம்டாவுக்கும் மாற்றிவிட்டேன். நேற்றுக் காலை ஆறு மணிக்கு பைபாஸில் மூன்றாவது கியரில் இழுத்ததில் 3000-லிருந்து 6000 வரை 0.87-0.88, கோடு போட்ட மாதிரி.

சோழவரம்

நல்லது தம்பி. பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்து ஒரு படம் போடு.

எஸ்டீம்கோவை

ஐயா, போட்டிருக்கிறேன். மூன்று லேசான பழுப்பு, மூன்றாவது சிலிண்டர் மட்டும் சுத்த வெள்ளை. ஆனால் கேஜ் 0.87 தான் காட்டியது, இது எப்படி?

சாலிடர்

ஐயா ஜெயித்துவிட்டார். சென்சார் நான்கும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது, அது பார்ப்பது நான்கின் சராசரி. மூன்று சிலிண்டர் 0.85, ஒன்று 0.93 என்றாலும் கேஜில் 0.87 தான். இனி டிராக்கில் ஓட்ட வேண்டாம், இஞ்செக்டரைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள். பழைய 2003 இஞ்செக்டர்தானே?

எஸ்டீம்கோவை

அதேதான், 20 வருடத்துக்கு மேல் ஆனது. சோதனைக் குடுவையில் மூன்றாவது இஞ்செக்டர் மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் ஊற்றியது, கடைக்காரர் கண்ணெதிரே காட்டினார். மேப்பெல்லாம் அதற்கு ஈடுகட்டிப் போட்டிருக்கிறேன் போல. வியாழக்கிழமை கிளீன் செய்து தருகிறாராம், கரி தேதியைத் தள்ளி வைத்துவிட்டேன். ஐயா, மேப் திருத்தியதும் பிளக் படம் முதலில் உங்களுக்குத்தான்.

சோழவரம்

பிளக்கைத் துடைத்துவிட்டுப் படம் எடுக்காதே.